அரசு மருத்துவர்கள் ஏன் விலகுகிறார்கள், எதனால் தங்குகிறார்கள்: தமிழ்நாட்டு நிலவரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் மூன்று இயக்ககங்களின் கீழ் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையிடம், தாலுகா மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறையிடம், கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வித் துறையிடம் இருக்கின்றன. மூன்றிலும் மருத்துவர்கள் விலகும் காரணம் வேறு வேறு. அவற்றை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். கீழே எந்தப் பதில் எந்தத் துறைக்குப் பொருந்தும் என்பதைத் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எம்.ஆர்.பி. தொடர்ந்து ஆள் எடுக்கிறது. பிறகும் ஏன் ஜி.ஹெச்.சில் டாக்டர் இல்லை?

எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் வந்தது. அதற்கு முன் டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான் எல்லாம். இடையில் ஆள் பற்றாக்குறைக்காக 10(அ)(1) விதியின் கீழ் தற்காலிகமாகச் சேர்த்து, பின்னர் சிறப்புத் தேர்வு வைத்து வரன்முறைப்படுத்திய (நிரந்தரமாக்கிய) காலமும் உண்டு. ஆக, ஆள் எடுக்கும் வழி முன்பைவிட எவ்வளவோ சீராகியிருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

காலியிடப் பட்டியலில் 'காலி' என்று எழுதப்படுவது, யாருமே நியமிக்கப்படாத பணியிடம் மட்டும்தான். பி.ஜி. (பட்ட மேற்படிப்பு) படிக்கப் போனவர், மகப்பேறு விடுப்பில் இருப்பவர், வேறு மருத்துவமனைக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டவர், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவர் ஆகியோர் பணியிடத்தில் இருப்பதாகவே பல நேரம் கணக்கு காட்டும். நோயாளி வரிசையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நாற்காலி காலி, அவ்வளவுதான்.

இதில் மோசமானது கடைசி வகை. அனுமதியின்றி வராமல் போனவருக்கு விளக்கம் கேட்டு, ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) பிரிவில் குற்றச்சாட்டு கொடுத்து, விசாரணை அதிகாரி நியமித்து, இறுதி ஆணை வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை அந்தப் பணியிடத்தில் வேறு ஆளைப் போட முடியாது. வராதவரைத் தண்டிப்பதைவிட, அவரது பணியிடத்தைச் சீக்கிரம் விடுவிப்பதுதான் மருத்துவமனைக்குப் பயன். நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் அதிகம் விலகுகிறார்கள்?

நான்கு கதவுகள் இருக்கின்றன. பணி ஆணை வாங்கிச் சேராமலே போவது முதல் கதவு. சேர்ந்து ஓராண்டுக்குள் நீட் பி.ஜி.யில், பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் அல்லாமல் பொதுவான இடம் கிடைத்துப் போவது இரண்டாவது. பி.ஜி. முடித்துத் திரும்பி, தன் துறை இல்லாத மருத்துவமனையில் பணி கிடைத்து வெறுத்துப்போவது மூன்றாவது. 40 வயதை ஒட்டி, பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நெருங்கும்போது தனியார் மருத்துவமனை அழைப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் பூட்டு வேறு. நாலாவது கதவுக்குச் சம்பளம் உதவலாம். மூன்றாவதுக்கு ஒரு ரூபாயும் உதவாது.

சம்பளம்தான் காரணமா?

ஓரளவுக்கு. உதவி மருத்துவராகச் சேருபவருக்குத் தமிழ்நாட்டு ஊதிய அட்டவணையில் நிலை 22, அதாவது 56,100 ரூபாயில் தொடங்கும் அடிப்படை ஊதிய வரிசை. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு தனியாரில் இரவு டூட்டி பார்ப்பவருக்கு இதைவிட அதிகம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே தொடக்கத்தில் அரசுச் சம்பளம் நன்றாகவே போட்டி போடுகிறது.

இடைவெளி விழுவது நடுவில். மத்திய அரசு மருத்துவர்களுக்கு 2008 முதல் காலமுறை உயர்வு, அதாவது குறிப்பிட்ட பணிக்காலம் முடிந்ததும் கிடைக்கும் உயர்வு, 4, 9, 13, 20 ஆண்டுகளில் வருகிறது. தமிழ்நாட்டில் 2009-இல் வந்த அரசாணை 354 இதையே பின்பற்றி வந்ததுதான். ஆனால் படிகள் 8, 15, 17, 20 ஆண்டுகள் என்று அமைந்தன. கடைசிப் படியான நான்காம் ஊதியப் பட்டையை 20 ஆண்டுக்குப் பதில் 12 ஆண்டிலேயே கொடுங்கள் என்பதுதான் மருத்துவர் சங்கங்களின் நீண்டநாள் கோரிக்கை. 2019 அக்டோபர் கடைசி வாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கையும் அதுவே. 12-ஆம் ஆண்டு என்பது சும்மா போட்ட எண் இல்லை. சேர்ந்து, பி.ஜி. முடித்து, தனியாகக் கைதேர்ந்து, ஊரில் பெயர் வாங்கும் காலம் அது. தனியார் மருத்துவமனைகள் தேடி வரும் காலமும் அதுவே.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணி நேரம் போக வெளியே பிராக்டீஸ் செய்ய இங்கே அனுமதி உண்டு. மத்திய அரசில் அது கூடாது. பதிலாக அடிப்படை ஊதியத்தில் 20 சதவீதம் தனிப்படி தருகிறார்கள். தமிழ்நாட்டு முறையால் அறுவை, மகப்பேறு, எலும்பு முறிவு மருத்துவர்கள் வெளி வருமானத்தோடு அரசுப் பணியிலும் தங்குகிறார்கள். மயக்க மருத்துவருக்கும் ஓரளவு வழி உண்டு. நோயியல், தடய மருத்துவம், சமுதாய மருத்துவம் போன்ற துறைகளில் இருப்பவருக்கு மாலை பிராக்டீஸ் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அட்டவணை போடுவதில் இந்தக் குறை இருக்கிறது.

ஓய்வூதியம்? 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், பழைய உறுதியான மாத ஓய்வூதியத்துக்குப் பதில், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தார்கள். "கடைசி வரை இருந்தால் பென்ஷன்" என்ற பழைய கயிறு அந்த நாளோடு தளர்ந்துவிட்டது.

சர்வீஸ் கோட்டா உண்மையில் மருத்துவர்களைத் தக்க வைக்கிறதா?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்குவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 9-ஆம் ஒழுங்குமுறையை முழுமையான விதி என்று சொன்னது. அதன்படி பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீட்டுக்கு இடமில்லை. கடினமான, தொலைதூரப் பகுதிகளில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம், ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம். அதனால் 2017 முதல் சில ஆண்டுகள் எந்த ஊர் 'தொலைதூரம்', எந்த ஊர் 'கடினம்' என்பதே நீதிமன்ற வழக்கானது. 2020 ஆகஸ்ட் 31-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் இருப்பவர்களுக்குத் தனி வழி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், பி.ஜி.க்கும் மேலான உயர் சிறப்புப் படிப்புகளிலும் 50 சதவீதம் ஒதுக்கி அரசாணை வந்தது. 2022 மார்ச்சில் அதற்கும் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

இதன் பலன் கண்ணுக்குத் தெரிவது. மற்ற மாநிலங்கள் தாலுகா அளவில் மகப்பேறு மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது இங்கே கிடைப்பதற்கு இந்தக் கோட்டா முக்கியக் காரணம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர விரும்புவதே இதற்காகத்தான்.

ஆனால் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருகிற அதே கயிறுதான் அங்கிருந்து இழுத்துக்கொண்டும் போகிறது. தேவையான பணிக்காலம் முடிந்ததும் அந்த மருத்துவர் மூன்றாண்டு படிப்புக்குப் போவார். திரும்பி வரும்போது அவர் சிறப்பு மருத்துவர். அவருக்குரிய இடம் வேறு துறையில், வேறு ஊரில். ஆகவே கோட்டா மருத்துவரை அரசுப் பணியில் வைக்கிறது, ஓர் ஊரில் வைப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால், ஒவ்வோர் ஆண்டும் படிக்கப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப முன்கூட்டியே ஆள் எடுப்பதுதான் தீர்வு என்பது விளங்கும். கலந்தாய்வு எந்த மாதம் நடக்கும், சுமார் எத்தனை பேர் போவார்கள் என்பது தெரிந்த விஷயம். போன பிறகு அறிவிக்கை வெளியிட்டால், தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, வழக்கு எல்லாம் முடிந்து ஆள் வருவதற்குள் அடுத்த அணி கிளம்பிவிடும்.

படித்து வந்தவரைத் தவறான இடத்தில் போடுவது அடுத்த கோளாறு. மயக்க மருத்துவம் முடித்தவர் அறுவை அரங்கு ஓடாத இடத்தில் காய்ச்சலுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தால், ஆறு மாதத்தில் கை மறந்துவிடும் என்ற பயம் வரும். அந்தப் பயம்தான் ராஜினாமாக் கடிதம் எழுதவைக்கிறது.

பாண்ட் போட்டால் போகமாட்டார்களே?

பாண்ட் பட்டியலை நிரப்பும், ஆளைத் தங்கவைக்காது. பணியில் இல்லாமல் பி.ஜி. சேருபவர்கள் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. காலமும் தொகையும் மாறக்கூடியவை என்பதால், நீங்கள் சேர்ந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் உள்ளதே உங்களைக் கட்டுப்படுத்தும். சீனியர் சொன்ன தொகையை நம்பாதீர்கள்.

பாண்ட் கெடுவது இடைவெளியில். தேர்வு முடிவு வந்து பணி ஆணை வர மாதங்கள் ஆனால், அந்த மாதங்கள் ஒப்பந்தக் கணக்கிலும் சேராது, கையில் சம்பளமும் இராது, அசல் சான்றிதழ் கல்லூரியில் இருப்பதால் வேறு வேலைக்கும் போக முடியாது. அதனால் முதல் நாளே மனக்கசப்போடு வருகிறார். அவரிடம் "இங்கேயே இருந்துவிடுங்கள்" என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

தாய்லாந்து பல பத்தாண்டுகளாக மூன்றாண்டு கட்டாயப் பணி வைத்திருக்கிறது. மீறினால் 4 லட்சம் பாட் அபராதம். பலர் அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். 1994-இல் வேறு வழியைச் சேர்த்தார்கள்: கிராமப்புற மாணவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, வட்டார மருத்துவமனைகளிலேயே பயிற்சி கொடுத்து, சொந்த மாகாணத்துக்கே அனுப்புவது. இவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் தங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2010, 2021 பரிந்துரைகளிலும் கிராமப் பின்னணி மாணவர் சேர்க்கை முக்கிய இடம் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் வந்த 7.5 சதவீத அரசுப் பள்ளி இடஒதுக்கீட்டைச் சமூகநீதியாக மட்டும் பார்க்கிறோம். அந்த மாணவர்கள் படித்து முடித்து வரும்போது சொந்த மாவட்டத்தில் பணி கேட்டால் முன்னுரிமை தருவது செலவில்லாத தக்கவைப்புத் திட்டம்.

ஒரு தாலுகா மருத்துவமனையில் எத்தனை பேர் இருந்தால் வண்டி ஓடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். அனுமதிக்கப்பட்ட பணியிடம் 7 என்று வையுங்கள். ஒருவருக்கு வாரத்தில் ஒரு 24 மணி நேர டூட்டி, மறுநாள் ஓய்வு, மீதியுள்ள நாட்களில் நாலு காலை ஓ.பி., ஒவ்வொன்றும் 5 மணி. 24-உம் 20-உம் சேர்ந்து 44 மணி. மனிதர் செய்யக்கூடிய வேலை.

இப்போது ஒருவர் பி.ஜி., ஒருவர் மகப்பேறு விடுப்பு, ஒருவர் வேறு மருத்துவமனையில் மாற்றுப்பணி. மீதி 4 பேர். டூட்டி மட்டும் ஆளுக்கு 42 மணி. டூட்டிக்கு மறுநாள் ஓய்வு கொடுத்தால் ஒருவர் டூட்டியில், ஒருவர் வீட்டில், ஓ.பி.க்கு இருவர். அந்த இருவரில் ஒருவர் நீதிமன்ற சம்மனுக்கோ போஸ்ட்மார்ட்டத்துக்கோ போனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு ஒரே மருத்துவர். வெளியே கூச்சல். ஓய்வை வெட்டினால் வாரத்துக்கு 60 மணி தாண்டும். இரண்டு மாதம் தாங்குவார்கள். மூன்றாவது மாதம் நாலில் ஒருவர் மருத்துவ விடுப்பில் போவார், அதோடு சரிந்துவிடும்.

ஆகவே 7 பணியிடத்தில் 4 பேர் இருப்பதை 57 சதவீதம் நிரம்பியிருப்பதாகப் படிக்கக்கூடாது. அது விலகல் தொடங்கும் புள்ளி. 5-க்குக் கீழே போகும்போதே மாற்று ஆள் வரவேண்டும்.

சிறப்புப் பிரிவில் இது இன்னும் கடுமை. மகப்பேறு மருத்துவர் 24 மணி நேரமும் வேண்டுமென்றால் ஒருவரால் ஆகாது. விடுப்பெல்லாம் சேர்த்து நாலு பேராவது வேண்டும். அவர்களோடு மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இல்லாவிட்டால் சிசேரியன் தேவைப்படும் ஒவ்வொரு தாயையும் 108-இல் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். ஆறு மருத்துவமனைக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துப் போடுவதைவிட, இரண்டு மருத்துவமனையில் முழு அணியாக வைப்பது நல்லது. தொகுதிக்கொரு மகப்பேறு மருத்துவர் என்று கேட்கும் அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்காது. தனியாகப் போடப்பட்ட சிறப்பு மருத்துவர்தான் எல்லாருக்கும் முன்னால் விலகுகிறார்.

புதிய மருத்துவக் கல்லூரிகள் வந்ததால் நிலைமை தேறியதா?

2022 ஜனவரி 12 அன்று 11 அரசுக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், ராமநாதபுரம், நீலகிரி, அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கு 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். அந்தந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாகி மருத்துவக் கல்வித் துறைக்குப் போனது. நோயாளிக்கு ஆதாயம்தான். ஆனால் பேராசிரியர்கள் பழைய கல்லூரிகளிலிருந்து வரவேண்டியிருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் ஆதார் வருகைப்பதிவு வந்தபின், ஆய்வு நாளில் மட்டும் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்கும் பழைய வித்தையும் செல்லாது. மருத்துவர் வேலை பார்க்கும் இடத்தில்தான் கணக்கில் இருக்கவேண்டும் என்பது நல்ல மாற்றம். பற்றாக்குறையை அது வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

பெண் மருத்துவர்களுக்கு என்ன தனிச் சிக்கல்?

மகப்பேறு விடுப்பு 1.7.2021 முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமானது. சரியான முடிவு. விடுப்பில் போகிறவரின் இடத்துக்கு மாற்று மருத்துவர் தராததுதான் தவறு. சுமை சக மருத்துவர்கள் மேல் விழ, முணுமுணுப்பு விடுப்பில் போனவர் மேல் திரும்புகிறது. தகுதிகாண் பருவம் (வேலை உறுதியாகும் முன் முடிக்கவேண்டிய காலம்) மூன்றாண்டுத் தொடர்பணிக்குள் இரண்டாண்டு என்பதால், விடுப்பு எடுத்தவருக்கு அது தள்ளிப்போய், அதன் பின்னால் வரும் உயர்வுகளும் தள்ளிப்போயின. விடுப்புக் காலத்தையும் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கிடலாம் என்று 2025-இல் அரசு அறிவித்தது.

மற்றது சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் அவைதான் முடிவெடுக்க வைக்கின்றன: தாழ்ப்பாள் உள்ள டூட்டி அறை, உள்ளேயே கழிப்பறை, இரவில் வளாகத்துக்குள் நடக்க வெளிச்சம்.

பணிமாறுதல் எப்படி நடந்தால் விலகல் குறையும்?

மலைப்பகுதிக்குப் போவதற்கு மருத்துவர்கள் அஞ்சுவதைவிட, திரும்பி வரமுடியாமல் போவதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். "இரண்டு ஆண்டு முடிந்தால் விரும்பிய ஊர்" என்று எழுத்தில் கொடுத்து, சொன்ன தேதியில் விடுவித்தால் ஆள் கிடைக்கும். மாற்று ஆள் வந்த பிறகே விடுவிப்போம் என்று ஆணையில் ஒரு வரி சேர்ந்தால் எல்லாம் போச்சு. அந்த ஊருக்கு அடுத்து யாரும் போக மாட்டார்கள். கர்நாடகம் மருத்துவர் பணிமாறுதலுக்கென்றே 2011-இல் தனிச் சட்டம் போட்டது. இங்கே கலந்தாய்வு நடக்கிறது. காலியிடம் முழுவதையும் திரையில் காட்டுகிற கலந்தாய்வுக்கு மரியாதை இருக்கிறது. நல்ல இடங்களை மறைத்துவைத்து, பிறகு 'நிர்வாகக் காரணம்' என்று நிரப்பினால் அந்த மரியாதை போய்விடும்.

பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே?

மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதைத் தடுக்கும் சட்டம் 2008 முதல் இருக்கிறது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். சட்டம் சம்பவத்துக்குப் பின் வேலை செய்வது. முன்னால் செய்யவேண்டியது, அவசரப் பிரிவுக்குள் நோயாளியோடு ஓர் உறவினர் என்ற விதி, அதைக் காவலர் நின்று நடத்துவது, இறப்புச் செய்தியைச் சொல்ல ஜூனியரைத் தனியாக அனுப்பாதது.

ஒப்பந்த மருத்துவர்களைக் கொண்டு சமாளிக்க முடியாதா?

சில மாதங்களுக்கு முடியும். நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாதம் 60,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேருபவர் பெரும்பாலும் நீட் பி.ஜி.க்குப் படித்துக்கொண்டிருப்பவர். முடிவு வந்ததும் போவார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அவரை நீண்டகாலத் திட்டத்தில் எண்ணுவதுதான் பிழை.

விருப்ப ஓய்வை மறுத்துவிட்டால்?

20 ஆண்டு பணி முடித்தவர் மூன்று மாத அறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். மருத்துவர் பற்றாக்குறை இருக்கும்போது அது தானாகக் கிடைக்கும் உரிமை ஆகாது என்று உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரி. ஆனால் போக நினைப்பவரை உட்காரவைத்தால் விடுப்பெல்லாம் எடுத்துத் தீர்ப்பார். அறுவையிலிருந்து விலக்கி, கற்பிக்கும் பொறுப்பு கொடுத்துப் பார்ப்பது மேல்.

அரசாணைக்குக் காத்திருக்காமல் ஒரு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். முதலில் காகிதம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் வர மாதக்கணக்கில் ஆவது சகஜம். பணியாளர் எண், ஓய்வூதியக் கணக்கு எண், இணையச் சம்பளப் பட்டியலில் பெயர் சேர்ப்பு என்று மூன்று இடத்தில் சிக்கும். சேர்ந்த அன்றே அலுவலக உதவியாளர் ஒருவரைப் பொறுப்பாக்கி, பதினைந்து நாளில் மூன்றும் முடிந்ததா என்று கேளுங்கள். மாறுதலில் வந்தவர் என்றால் பழைய அலுவலகத்திலிருந்து கடைசி ஊதியச் சான்று வரவில்லை என்பதுதான் தடையாக இருக்கும். நீங்களே ஒரு போன் போடுங்கள்.

அடுத்து பணிவரன்முறையும் தகுதிகாண் பருவ ஆணையும். இதற்குப் படிப்புச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை அறிக்கை வேண்டும். சேர்ந்த மாதமே எழுதி அனுப்பினால் உரிய நேரத்தில் கையில் இருக்கும். இரண்டு ஆண்டு முடிந்த பிறகு கேட்டால், மேற்படிப்பு விண்ணப்ப நேரத்தில் அந்த மருத்துவர் பணிப்பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அலுவலகப் படியேறுவார். அங்கே கழியும் நாட்கள் உங்கள் ஓ.பி.யிலிருந்து போகின்றன.

டூட்டிப் பட்டியலை அடுத்த மாதத்துக்கு 25-ஆம் தேதிக்குள் ஒட்டுங்கள். டூட்டிக்கு மறுநாள் ஓய்வை, ஆள் குறைந்தாலும் கடைசியாகத்தான் தொடுங்கள். மாறுதலாகிப் போன மருத்துவருக்குப் பழைய போஸ்ட்மார்ட்டம் வழக்குகளில் சம்மன் வந்துகொண்டே இருக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் காணொலிச் சாட்சியத்துக்கு இடம் தருகிறது என்பதால் ஒரு அறை, ஒரு கணினி, நல்ல இணைய இணைப்பு ஒதுக்கி, அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு போடுங்கள். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் போனார், ஏன் போனார் என்று மூன்று நெடுவரிசை. போகிறவரிடம் கேட்டால் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதுவார். போய் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள், அப்போது சொல்வார்.